மணல் மூட்டைக்கு உள்ளே வெள்ளம்

செல்போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு ஊருக்கே புத்தி சொல்லக் கிளம்பும் ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் அப்படி ஒருத்தனாக இருந்தவன் என்பதுதான் காரணம்.

எங்கள் வீடு அதியமான்கோட்டையில், கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே. கடலை நான் மொத்தமே இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் புயல் நம் பக்கம் திரும்புகிறது, இரண்டு நாள் கரண்ட் இருக்காது என்று டிவியில் சொன்னதும் எனக்குள் ஒரு கலெக்டர் முளைத்துவிட்டார். எமர்ஜென்சி லைட்டுக்குச் சார்ஜ் போட்டேன். மெழுகுவர்த்தி இரண்டு டஜன் வாங்கினேன் (தீப்பெட்டி வாங்க மறந்துவிட்டேன்). வீடு கட்டி மிச்சமிருந்த எம்சாண்ட் மணலைச் சாக்கில் அள்ளி, முன்வாசலிலும் பின்வாசலிலும் அடுக்கி, தார்ப்பாய் சுற்றி, எறும்புகூட நுழைய முடியாதபடி அடைத்தேன்.

அதோடு நின்றிருக்கலாம். மொரப்பூர் பக்கத்தில் ஓட்டு வீட்டில் இருக்கும் என் மச்சினன் முருகேசனுக்குப் போன் போட்டு, உன் ஓடெல்லாம் புயலுக்குத் தாங்காது, ராகி மூட்டைகளை என் கான்கிரீட் வீட்டுக்கு அனுப்பு என்று அரைமணி நேரம் வகுப்பு எடுத்தேன். பாவம், நம்பிவிட்டான். அவன் குடும்பத்தின் ஒரு வருஷச் சாப்பாடு, எட்டு மூட்டை, டெம்போவில் வந்து என் ஹாலில் இறங்கியது.

அடுத்து என் மூளையின் உச்சம். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, தண்ணீர் இருக்காது. மொட்டைமாடியையே தொட்டியாக்கிவிட்டால்? மழைத்தண்ணீர் இறங்கும் குழாய்களில் பழைய லுங்கியைக் கிழித்துத் திணித்தேன்.

"நெறஞ்சா எங்கீங்க போகும்?" என்று கேட்டாள் என் மனைவி செல்வி. இதெல்லாம் உனக்குப் புரியாது என்றேன். எனக்கும்தான் புரிந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் மழை பிடித்தது. சொன்னபடி கரண்ட் போனது. பதினோரு மணிக்கு மாடி நிறைந்து, தண்ணீர் மாடிக் கதவுக்கு அடியில் நுழைந்து, படியில் இறங்கி ஹாலுக்கு வந்தது. வெளியே போகும் வழிகளைத்தான் நான் அவ்வளவு அழகாக அடைத்திருந்தேனே.

"வாசல்ல பொட்டுத் தண்ணி நிக்கலீங்க. வூட்டுக்குள்ளதான் கணுக்கால் அளவு நிக்குது" என்றாள் செல்வி.

மூட்டையைத் தூக்குவதா, மணலைத் தள்ளுவதா, மாடிக்கு ஓடுவதா என்று மூன்றையும் அரைகுறையாகச் செய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. முருகேசன்.

"மாமா, எங்க வூட்ல ஒரு சொட்டு ஒழுகலீங்க. ராகி நல்லாருக்குதுங்களா?"

"அதுக்கென்ன மாப்ள, ஜம்முனு இருக்குது" என்றேன், அடிமூட்டைகள் ஊறுவதைப் பார்த்துக்கொண்டே. செல்வி போனைப் பிடுங்கி உண்மையைச் சொல்லிவிட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

நாலு மூட்டை முளைவிட்டுவிட்டது. அவனுக்கு வேறு ராகி வாங்கிக் கொடுத்தேன். முளைத்ததைச் செல்வி காயவைத்து அரைத்து, ஆறு மாதம் தினமும் எனக்கு மட்டும் கூழாக ஊற்றினாள். வாயைத் திறக்காமல், அதாவது குடிக்க மட்டும் திறந்து, குடித்தேன்.

இன்றைக்கும் டிவியில் புயல் என்றால் முருகேசன் போன் செய்துவிடுவான்: "மாமா, மழை வருதாமுங்க. உங்க வூட்ல நனையக்கூடாத சாமான் ஏதாச்சும் இருந்தா நம்ம வூட்டுக்கு அனுப்பிடுங்க."

போன மழைக்குச் செல்வி பட்டுப்புடவைகளை மூட்டை கட்டிக்கொண்டு முருகேசன் வீட்டுக்கு அவளே கிளம்பிப் போய்விட்டாள். என்னைக் கூப்பிடவில்லை. நனைந்தால் கெட்டுப்போகிற சாமான்களில் நான் சேர்த்தி இல்லையாம்.