படம் ஓடாத புதன்கிழமை

இதை முறை மாற்றிச் சொல்லிவிடுவோமோ என்பதுதான் அக்காவின் முதல் பயம். படம் ஓடியது என்று ஆரம்பித்தால் வேலை போய்விடும். ஓடவில்லை என்று ஆரம்பித்தால், பிறகு எதற்கு விசாரணை நடந்தது என்று கேட்பார்கள். அவள் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தப்பாகப் பதில் சொன்னால் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் நாற்பத்தெட்டு வயதிலும் அவளை விடவில்லை. ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுவதே எல்லோருக்கும் நல்லது.

அக்கா என்பது அவள் பெயர் அல்ல. ஆனால் அந்த அரசுத் திரையரங்கில் பிரிவு அலுவலர் முதல் வாசல் காவலர் வரை அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெருக்குவது, துடைப்பது, குடிதண்ணீர் பிடித்து வைப்பது அவள் வேலை. தினக்கூலிதான். ஆனால் இன்னும் இரண்டே மாதத்தில் நிரந்தரமாகிவிடும் என்று பிரிவு அலுவலர் தன் வாயாலேயே சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவள் துடைப்பத்தைக்கூட ஓசையில்லாமல் எடுத்து வைத்தாள்.

நான்கு வருடங்களுக்கு முன்னால், மறைந்த பெரிய நாயகரின் வெளிவராமலே போன பன்னிரண்டு படங்களைப் பொதுமக்களுக்குத் திரையிட்டுக் காட்ட வேண்டும் என்று அரசு ஆணை பிறப்பித்தது. அதற்காகக் கீழ்த்தளத்தில் 'வரவிருக்கும் திரையிடல்கள் பிரிவு' என்று ஒன்று தொடங்கினார்கள். ஒரு படத்துக்கு ஒரு பணியிடம். பன்னிரண்டு படத்துக்குப் பன்னிரண்டு பேர். ஒரு படம் திரையிடப்பட்டுவிட்டால் அதன் கோப்பு மாடியில் இருக்கும் 'நிறைவுற்ற திரையிடல்கள் பிரிவு'க்குப் போய்விடும். கீழே ஒரு பணியிடம் ரத்தாகும். இந்த ஆணையை இரண்டு முறை படித்துப் பார்த்த நாள் முதல், பிரிவு அலுவலர் பன்னிரண்டு படங்களையும் கண்ணுக்குள் வைத்துக் காத்து வந்தார்.

காரணம் இல்லாமல் எதையும் அவர் தள்ளிப் போட்டதில்லை. பெரிய நாயகரின் படத்தை உரிய மரியாதையோடு திரையிட வேண்டும் என்று ஆணையில் இருந்தது. உரிய மரியாதை என்பது எவ்வளவு என்று கண்டறிய ஒரு குழு அமைத்தார். மரியாதை கிடைத்ததும் நாற்காலிகள் திரையைப் பார்த்துப் போடப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க இன்னொரு குழு. அவை திரையைப் பார்த்தே இருந்தன. இது எப்படி நேர்ந்தது என்று விளக்கம் கேட்டு அக்குழு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் போகவில்லை.

மாடியில் ஒரே ஓர் எழுத்தர். நான்கு வருடங்களாக அவருக்கு ஒரு கோப்பும் வரவில்லை. ஒரு வரிகூட எழுதப்படாத பதிவேட்டுக்கு ஆண்டுதோறும் புது அட்டை போட்டு, மேசை மேல் வைத்துக்கொண்டு, கீழே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்.

பொதுமக்கள் சும்மா இருப்பார்களா? படம் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் காத்திருப்பு அட்டை கொடுத்தார்கள். அறுநூற்றுப் பதினொரு பேர் வாங்கினார்கள். வருடம் ஏற ஏற அட்டைக்கு மதிப்பு ஏறியது. பெண் பார்க்க வந்தால் மாப்பிள்ளைக்கு அட்டை உண்டா என்று முதலில் விசாரித்தார்கள். இரண்டு இலக்க எண் என்றால் ஜாதகத்தைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. படத்தைப் பார்த்துவிட்டு ரசிப்பது பாமர ரசனை, பார்க்காமலே ரசிப்பதுதான் முதிர்ந்த ரசனை என்று ஒரு பேராசிரியர் தடிமனாகப் புத்தகம் எழுதினார். அதையும் யாரும் படிக்காமலே பாராட்டினார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் தையல்காரர். படம் போடும் நாளில் போட்டுக்கொண்டு போக நாயகர் காலர் வைத்த சட்டைக்கு அவரிடம்தான் கூட்டம். முதல் வருடம் காலர் தோள்வரை இருந்தது. நாள் தள்ளிப் போனதால் நாகரிகம் முன்னேறி, இரண்டாம் வருடம் தோளைத் தாண்டியது. நான்காம் வருடத்தில் காலரை மடக்கிப் பிடித்துக்கொண்டால்தான் பஸ்ஸில் ஏற முடிந்தது.

இப்படி எல்லோரும் சந்தோஷமாக இருந்த நிலையில்தான் அந்தப் புதன்கிழமை வந்தது.

அன்று அட்டை புதுப்பிக்கும் நாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அட்டைதாரர்கள் அறுநூற்றுப் பதினொரு பேரும் அரங்கில் எண் வரிசைப்படி வந்து உட்கார வேண்டும்; ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முத்திரை குத்துவார்கள். விதிப்படி அப்போது ஒரு படம் மெஷினில் ஏற்றித் தயார் நிலையில் இருக்க வேண்டும். ரயில்வே கேட்காரராகப் பெரிய நாயகர் நடித்த படம் தயார் நிலையில் இருந்தது.

"அக்கா, மெஷின் ரூம்ல ஒரு பொட்டுத் தூசி இருக்கக் கூடாது. தயார் நிலைன்னா தயார் நிலையா இருக்கணும்" என்றார் பிரிவு அலுவலர்.

அக்கா ஈரத்துணியோடு போனாள். கண்ணாடியைத் துடைத்தாள். மூடியைத் துடைத்தாள். பச்சையாக ஒரு பட்டன் நான்கு வருட அழுக்கோடு இருந்தது. அதையும் அழுத்தித் துடைத்தாள்.

அரங்கில் விளக்கு அணைந்தது. திரையில் பெரிய நாயகர் வந்தார்.

பிரிவு அலுவலர் படியில் நான்கு நான்காகத் தாவி ஏறி வந்தார். பின்னாலேயே ஆபரேட்டரும் வந்தார்.

"நிறுத்துய்யா!"

"எப்படி சார் நிறுத்துறது? எனக்குத் தயார் நிலைப் பயிற்சி மட்டும்தானே குடுத்தாங்க."

"நாலு வருஷமா இங்கதானே உக்காந்திருக்க?"

"தயாரா உக்காந்திருக்கேன் சார்."

"கரண்ட்டைப் புடுங்கு!"

"அது மின்சாரப் பிரிவு சார். நாம தொட்டா அதுக்கு வேற விசாரணை வரும்."

"நிறுத்துறதுக்கு விதி என்னதான் சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல சார். ஓடினாத்தானே நிறுத்துறதுக்கு? ஓடும்னே யாரும் எழுதல."

பிரிவு அலுவலர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, "அப்ப நான் போய்க் கண்காணிக்கிறேன்" என்று கீழே இறங்கி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். இரண்டரை மணி நேரம் அசையாமல் கண்காணித்தார். பெரிய நாயகர் மூடிய கேட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க, அந்தப் பக்கம் வண்டிக்குள் அவர் சொந்த மகள் பிரசவ வலியில் துடிக்க, ரயில் வந்துகொண்டே இருந்த இடத்தில் கைக்குட்டையால் கண்ணை ஒற்றியபடி கண்காணித்தார். அறுநூற்றுப் பதினொரு பேரும் மூக்கை உறிஞ்சினார்கள். மெஷின் ரூம் துவாரம் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, மெஷின் துடைத்த துணியாலேயே முகத்தையும் துடைத்துக்கொண்டாள்.

படம் முடிந்ததும் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அந்தச் சத்தத்துக்காகவே நான்கு வருடம் காத்திருந்த மாடி எழுத்தர் பதிவேட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். பேனா மூடியை வழியிலேயே கழற்றிவிட்டிருந்தார்.

"முடிஞ்சுதா? நல்லபடியா முடிஞ்சுதா?" என்றார், பிரசவ அறை வாசலில் நிற்கிறவர் மாதிரி.

"என்ன முடிஞ்சுதா?" என்றார் பிரிவு அலுவலர்.

"படம் சார்!"

"எந்தப் படம்?"

மாடி எழுத்தர் அவருடைய ஈரக் கைக்குட்டையை ஒரு பார்வை பார்த்தார். மறுநாளே மேலிடத்துக்குப் புகார் போயிற்று. விசாரணை அதிகாரி வருகிறார் என்று பதிலும் வந்தது.

பிரிவு அலுவலர் அக்காவைக் கூப்பிட்டார். "படம் ஓடினதா முடிவாச்சுன்னா கோப்பு மேல போகும், இங்க ஒரு ஆள் வெளிய போகணும். கடைசியா சேர்ந்தவங்க முதல்ல. நினைச்சாலே வருத்தமா இருக்கு."

"கடைசியா சேர்ந்தது நான்தானே சார்?"

"ஆமா. அதனாலதான் வெறும் வருத்தத்தோட நிக்குது. என் வேலையா இருந்தா அழுகையே வந்திருக்கும்."

வீட்டில் சொன்னதும், வீட்டுக்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒரு பட்டனைத் தொடைச்சதுக்கா?"

"தொடைச்சா ஓடுற அளவுக்குத் தயார் நிலையில வச்சிருப்பாங்கன்னு எனக்கென்ன தெரியும்? ரெண்டு மாசம், வெறும் ரெண்டே மாசம்! என்ன பாழாப்போன கையோ இது."

"அதை விடு. படம் ஓடிடுச்சுன்னா இனி காலர் எவன் தைக்கக் குடுப்பான்? அதைச் சொல்லு."

"எனக்கு வேலை போகுதுங்கறேன், உங்களுக்குக் காலர்!"

"ரெண்டும் ஒரே கழுத்துதான்டி."

விசாரணை, அட்டைதாரர் எல்லோரையும் அரங்குக்கு வரவழைத்து, மேடை மேலேயே நடந்தது. விசாரணை அதிகாரி ஒல்லியான மனிதர், குரல் மட்டும் கனமானது. விதிப்புத்தகத்தைத் திறந்து வாசித்தார்: "திரையிடல் என்பது யாதெனில், பார்வையாளர் ஒருவராலேனும் பார்க்கப்பட்ட படமாகும். மெஷின் ஓடினால் மட்டும் போதாது. பார்த்தவர் வேண்டும். யார் பார்த்தது?"

மாடி எழுத்தர் துள்ளி எழுந்தார். "அறுநூத்திப் பதினொரு பேர் சார்! எல்லாரும் இங்கேயே இருக்காங்க!"

"நல்லது. அட்டைக்குப் பின்னாடி உள்ள நிபந்தனையையும் சொல்லிடறேன். படத்தைப் பார்த்தவர் அட்டையை உடனே திருப்பித் தந்துவிட வேண்டும். பார்த்தவங்க வரிசையா வாங்க."

அறுநூற்றுப் பதினொரு கைகள் அறுநூற்றுப் பதினொரு சட்டைப் பைகளைப் பொத்திக்கொண்டன.

"நான் கண்ணை மூடிக்கிட்டுத் தியானத்துல இருந்தேங்க" என்றார் ஒருவர்.

"எனக்கு முன்னாடி காலர் மறைச்சுதுங்க" என்றார் இன்னொருவர். இது நியாயமாகப் பட்டதால், பின்வரிசைகளில் இருந்த முந்நூறு பேரும் இதையே சொன்னார்கள்.

"நான் பார்க்காமலே ரசிக்கிற ஆளு" என்றார் பேராசிரியர். "திரை எதிர்ல இருந்தாலும் அந்தக் கொள்கையிலிருந்து வழுவல."

கடைசியில் முதல் எண் அட்டைக்காரர் எழுந்தார். ஓய்வு பெற்ற வாத்தியார். ஆயுளில் பொய் சொன்னதில்லை என்று பேர் வாங்கியவர். மாடி எழுத்தர் பதிவேட்டின் முதல் பக்கத்தை நீவி விட்டார்.

"உண்மையைச் சொல்லணும்னா..." என்று வாத்தியார் ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்த இரண்டாம் எண்காரர் மரியாதையாக எழுந்து, வாத்தியாரின் நாற்காலிக்கு நகர்ந்து உட்கார ஆயத்தமாகி, துண்டால் அதைத் தட்டியும் விட்டார். வாத்தியார் அதைப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லணும்னா, அன்னைக்கு நான் கண்ணாடியே கொண்டு வரல" என்று சொல்லிவிட்டு, தன் நாற்காலியில் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டார்.

அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வந்த மூச்சை மாடி எழுத்தர் நிறுத்திவிட்டார்.

"சார்! அன்னைக்கு இங்க இருந்தவங்கள்ல அந்தம்மாகிட்ட மட்டும்தான் அட்டை இல்ல! அட்டை இருக்கறவங்க எல்லாம் பார்க்கலன்னா, அட்டை இல்லாதவங்கதானே பார்த்திருக்கணும்?"

இந்த வாதத்தில் விசாரணை அதிகாரிக்குக் குறை தெரியவில்லை. "சாப்பாட்டுக்கு அப்புறம் அந்தம்மாவோட வாக்குமூலம்" என்று புத்தகத்தை மூடினார்.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அக்காவுக்குச் சோறு இறங்குமா? நேராக அட்டை வழங்கும் ஜன்னலுக்கு ஓடினாள். அங்கே அவளுக்கு முன்னால் ஒரே ஓர் ஆள் நின்றார். ஒல்லியான முதுகு. திரும்பினால் விசாரணை அதிகாரி.

"வீட்ல நச்சரிக்கிறாம்மா. தங்கச்சி புருஷன்கிட்ட அட்டை இருக்காம், என்கிட்ட இல்லையாம். உள்ள இதைப் பத்திச் சொல்லிடாத" என்று அடிக்குரலில் சொன்னார்.

"நான் எதையும் பார்க்கலைங்க ஐயா" என்றாள் அக்கா. அன்றைக்கு அரங்கில் எல்லோரும் சொன்னது அவள் வாயிலும் தானாக வந்துவிட்டது.

அவர் அறுநூற்றுப் பன்னிரண்டு. அவள் அறுநூற்றுப் பதிமூன்று. விண்ணப்பத்தில், 'இப்படங்களில் எதையேனும் இதற்கு முன் பார்த்ததுண்டா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினாள். அதோடு விட்டால் சந்தேகப்படுவார்களோ என்று பக்கத்தில் 'பார்க்க ரொம்ப ஆசை' என்றும் எழுதினாள்.

பிற்பகலில் வாக்குமூலம் ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. அட்டையைக் காட்டினாள். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எண் சரியாக இருப்பதாக ஒப்புக்கொண்டார். மாடி எழுத்தர் பதிவேட்டை மூடிக்கொண்டு படியேறினார். பாதிப் படியில் நின்று யோசித்தவர், இறங்கி வந்து ஜன்னலில் தானும் ஓர் அட்டை வாங்கிக்கொண்டு போனார். புதன்கிழமையன்று திரையிடல் எதுவும் நடைபெறவில்லை எனவும், பொதுமக்கள் இரண்டரை மணி நேரம் இருட்டில் ஒழுங்காக அமர்ந்திருந்தது பாராட்டத்தக்கது எனவும் அறிக்கை எழுதப்பட்டது. இரண்டு மாதத்தில் அக்காவின் வேலையும் நிரந்தரமாயிற்று.

எல்லாம் நல்லபடியாக முடிந்தும் அவளுக்கு ஒரு தொல்லை வந்து சேர்ந்தது. அந்தக் கேட், அந்த மகள், ரயில் சத்தம் எல்லாம் துடைக்கும்போதும் பெருக்கும்போதும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தன. யாரிடமாவது வாய் விட்டுப் பேச வேண்டும் போல் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் கதை தெரியும். பேசத்தான் ஒருவரும் இல்லை. தாங்காமல் ஒருநாள் வீட்டுக்காரரிடம் கடைசிக் காட்சிவரை சொல்லிவிட்டாள். அவரும் கண் கலங்கினார். கலங்கியதும் அவளுக்குத் திக்கென்றது: கதை கேட்டவர் பாதி பார்த்தவர் ஆகிவிடுவாரே!

மறுநாள் அவர் பேருக்கும் ஓர் அட்டை வாங்கினாள். அதற்கடுத்த நாள் எதிர் வீட்டம்மாவுக்கு வாங்கினாள். இனிமேல் தன் வாயை நம்ப முடியாது என்று தெரிந்துபோகவே, நூறு விண்ணப்பத் தாள்களை மொத்தமாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். இப்போதெல்லாம் இதைக் கேட்க வருகிறவர்களிடம் முதலில் ஒரு தாளை நீட்டுகிறாள். 'பார்த்ததில்லை' என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் வாயைத் திறக்கிறாள்.