லாடம் கழற்றிய குற்றத்துக்கு விளக்கம்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை, குதிரை மந்திரி மூவரும் நலம். அங்கே நீங்கள் திடகாத்திரமாக இருப்பது, மந்திரியின் லாடத்தைக் கழற்றியதற்காக என்னைத் திட்டி எழுதியிருக்கும் கடிதத்தின் நீளத்திலேயே தெரிகிறது. மூன்று பக்கம் மூச்சுவிடாமல் திட்டுவதற்கு நல்ல நுரையீரல் வேண்டும். போனில் என் நம்பரைத் தடுத்து வைத்துவிட்டீர்கள், அதனால் பேனாவைப் பிடித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வேனோடு வந்து மந்திரியை ஏற்றிக்கொண்டு போகப் போவதாகச் சொல்கிறீர்கள். குட்டியிலிருந்து வளர்த்தவர் நீங்கள். "ஒரு நாள் நொண்டினாலும் திருப்பி ஓட்டிட்டு வந்துடுவேன்" என்று சொல்லித்தான் கொடுத்தீர்கள், நானும் தலையாட்டினேன். ஆனால் நொண்டவில்லையே மச்சான்! நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு அப்புறம் வேனுக்கு டீசல் போடுங்கள்.

மந்திரிக்கு இங்கே என்ன வேலை? பட்டறையிலிருந்து கடைக்குச் செருப்புப் பெட்டி ஏற்றிய சின்ன வண்டியை இழுப்பது. மொத்தம் நாலு தெரு, நாலும் வழவழவென்று கல் பாவிய தெரு. மழை பெய்த ஒரு நாள் பாங்க் வாசலில் இரும்பு லாடம் வழுக்கி, நாலு காலும் நாலு திசைக்குப் போய், மந்திரி வயிறு தரையில் படும் அளவுக்கு விரிந்து நின்றான். மாட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "குளம்பு கல்லு மாதிரி இருக்கு, நோய் நொடி எதுவும் இல்ல. நாலு தெரு போற குதிரைக்கு எதுக்குங்க இரும்பு? கழட்டிடலாம். ஆனா பொறுமை வேணும்" என்றார். நல்ல காலுக்கும் செருப்பு அவசியம் என்று ஊரை நம்பவைத்துத்தான் நான் மூன்று மாடி கட்டியிருக்கிறேன். என்னிடமே வந்து இப்படிச் சொல்கிறாரே என்று முதலில் சுருக்கென்றது. ஆனால் நியாயம் நியாயம்தானே. லாடக்காரர் கோபித்துக்கொள்வார் என்று பயந்து இழுத்து இழுத்துச் சொன்னால், அவர் சிரிக்கிறார். "ஆணி அடிச்சாலும் நான்தான், அடிக்காட்டியும் நான்தான் முதலாளி. ஆறு வாரத்துக்கு ஒரு தரம் சீவி, அரம் போட்டு, ஓரத்தை உருட்டி விடணும்ல? அதை நீங்களா பண்ணப் போறீங்க?" அவரும் பிழைக்கத் தெரிந்தவர். மடங்கிய ஆணி முனைகளை ராவிவிட்டு, ஒவ்வொரு ஆணியாகப் பல் பிடுங்குவது போலப் பிடுங்கினார். மந்திரி கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றான். கடிவாளத்தைப் பிடித்திருந்த எனக்குத்தான் வியர்த்தது.

முதல் வாரம் முற்றத்தில், கூச்சப்பட்ட மாப்பிள்ளை மாதிரி ஒவ்வொரு அடியாக யோசித்து யோசித்து வைத்தான். முதலில் மண்தரை, பிறகு வழவழப்பான தெருவில் பத்து நிமிஷம், வாரா வாரம் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போகவேண்டும், நடுவில் கால் கூசினால் தோல் காலுறை மாட்டிவிடலாம் என்றார் டாக்டரம்மா. தோல் என்றதும் எனக்குக் கை பரபரத்தது. முப்பது வருஷம் பாதம் பார்த்துப் பிழைத்தவனுக்கு ஒரு குதிரை எம்மாத்திரம்! காகிதத்தை விரித்து, முன்னங்காலை அதன்மேல் நிறுத்தி, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, பட்டறையில் இடது ஜோடி, வலது ஜோடி என்று வளைவு நெளிவோடு நாலு உறை தைக்கச் சொன்னேன். மாட்டிக்கொண்டு கம்பீரமாகக் கிளம்பினான். மூன்றாவது தெருத் திருப்பத்தில் பின்னங்காலை ஒரு உதறு உதறினான் பாருங்கள், உறை பறந்து, ஜன்னல் வழியாகத் தையல்காரர் மேஜையில் போய் விழுந்தது. அவர் அதைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, "அண்ணே, ஒரு குதிரை செருப்பைக் கழட்டி அடிக்கிற அளவுக்கு நான் என்னண்ணே தப்பு பண்ணேன்?" என்று கேட்டார். தெருவே சிரித்தது. லாடக்காரர் வந்து தலையில் அடித்துக்கொண்டார். "முன்னங்குளம்பு வட்டமா இருக்கும், பின்னங்குளம்பு கொஞ்சம் ஒடுக்கமா இருக்கும். நாலுக்கும் ஒரே அச்சுன்னு யாரு முதலாளி சொன்னது?" ஒருவரும் சொல்லவில்லை, என் அகங்காரம்தான் சொன்னது. திருத்தித் தைத்த உறைகளைக் கடையில் காயவைத்திருந்தபோது ஒரு அம்மா எடுத்துப் பார்த்து, "இதுல கறுப்பு இருக்கா? எங்க வீட்டுக்காரருக்குக் கால் கொஞ்சம் அகலம்" என்று கேட்டதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இனி உங்கள் தங்கை விஷயம். இனிப்பு அதிகமானால் குதிரைக்குக் குளம்பு கூசுமாம், அதனால் வைக்கோலும் காய்ந்த புல்லும்தான் தீனி என்பது டாக்டரம்மா உத்தரவு. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஐந்தாவது வாரம் திடீரென்று மந்திரி மறுபடி அடியை எண்ணி எண்ணி வைத்தான். (இதை நொண்டல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, தயக்கம்.) எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மத்தியானம் எதையோ எடுக்க வீட்டுக்கு வந்தால், சமையலறை ஜன்னலுக்குள் குதிரைத் தலை, எதிரே சர்க்கரை டப்பாவோடு உங்கள் தங்கை.

"ரெண்டே ரெண்டு கட்டிதாங்க. மூஞ்சியப் பாருங்க, எப்படி வாடிக் கெடக்கு!"

"இருபது வருஷத்துல என் மூஞ்சி வாடினப்போ ஒரு கட்டி குடுத்திருக்கியாடி?"

"உங்க மூஞ்சி என்னிக்கு வாடிச்சு, என்னிக்கு வாடலன்னு யாரால கண்டுபிடிக்க முடியும்?"

டப்பா இப்போது கடையில், என் மேஜைக்குள், பூட்டில் இருக்கிறது.

எட்டு மாதம் ஆயிற்று மச்சான். மேலேயிருந்து புதுக் குளம்பு வளர்ந்து இறங்கி, போன தடவை சீவியபோது கடைசி ஆணி ஓட்டையும் போய்விட்டது. நாலு தெருவையும் உறை இல்லாமல் நடக்கிறான், மழையிலும் வழுக்குவதில்லை. "ஊருக்கெல்லாம் செருப்பு விக்கிறாரு, வீட்டுக் குதிரை வெறுங்கால்" என்று எதிர்க்கடைக்காரர் கேலி பேசினார். நான் விடுவேனா? "குதிரைக்கு வேண்டாம், உங்களுக்கு வேண்டும்" என்று கடை வாசலில் பலகை மாட்டிவிட்டேன். ஒன்றே ஒன்று, ஒளிக்காமல் சொல்கிறேன். உங்கள் ஊர்ப் பாதை மாதிரி ஜல்லிக்கல்லில் இன்னும் அவனை விட்டுப் பார்க்கவில்லை. இங்கிருந்து உங்கள் ஊர் வரைக்கும் ஏழு கிலோமீட்டர் ஜல்லி, அதில் சோதித்துப் பார்க்க எனக்கே இன்னும் தைரியம் வரவில்லை. அதற்காக அழைத்துக்கொண்டு போய்விடாதீர்கள். அவன் இங்கே ஒட்டிக்கொண்டுவிட்டான். கேட்டைத் திறந்து போட்டாலும் வாசல் தாண்ட மாட்டான், உங்களை மறந்தே போய்விட்டான். கடையை மூடிவிட்டு வரும்போது என் தோளில் மோவாயை வைத்து ஒரு பெருமூச்சு விடுவான். அதற்காகவே சீக்கிரம் மூடுகிறேன். வேனில் அவனை ஏற்றினால் உங்கள் தங்கையும் ஏறி உட்கார்ந்துவிடுவாள், அப்புறம் உங்கள் பாடு.

மற்றபடி அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் கோபம் குறைந்து, ஆயுசு கூடட்டும். நாளை விடிந்ததும் பால் வேன்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டிய பாவத்துக்கு உங்களிடம் திட்டு வாங்குகிறவன்

பின்குறிப்பு: ஞாயிறு காலை. பால் வேன்காரரிடம் கடிதம் கொடுக்க வெளியே போனவன் கேட்டைத் திறந்து போட்டுவிட்டேன். மந்திரி வாசல் தாண்டினான். தெரு தாண்டினான். ஊரும் தாண்டினான், கையில் கடிதத்தோடு நானும் பின்னாலேயே ஓடினேன். ஏழு கிலோமீட்டர் ஜல்லியில் கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி தலையை ஆட்டி ஆட்டி நடந்து, இப்போது உங்கள் வீட்டு முற்றத்தில் உங்கள் பூச்செடிகளைத் தின்றுகொண்டிருக்கிறான். நாலு குளம்பையும் தூக்கிப் பார்த்துவிட்டேன், ஒரு கீறல் இல்லை. நீங்களோ வேனை எடுத்துக்கொண்டு மெயின் ரோடு வழியாகச் சுற்றி எங்கள் வீட்டுக்குப் போய்விட்டீர்களாம். உங்கள் பக்கத்து வீட்டம்மா இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உங்கள் போனுக்கு அனுப்புகிறார். பாதி வழியில் என் செருப்பு வார் அறுந்துவிட்டது மச்சான், எங்கள் கடைச் செருப்புதான். மிச்சத்தை வெறுங்காலோடு நடந்து வந்து, உங்கள் வாசல்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உடனே வேனைத் திருப்புங்கள். மந்திரி நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். நொண்டுவது நான்தான், என்னை ஏற்றிக்கொண்டு போங்கள்.