நீர்நாயின் வாலும் ஒரு துண்டு மெழுகும்

ஒரு காட்டில் சிங்கத்தின் பெயரில் ஒரு மருத்துவமனை இருந்தது. அதன் ஆய்வகத்தில் வடிவு என்ற முள்ளம்பன்றி வேலை பார்த்தது. அதன் வம்சத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் முள்ளம்பன்றி அதுதான். அதனால் எதையும் மூன்று முறை சரிபார்க்கும். பயம் வந்தால் முட்கள் தாமாக நிமிர்ந்துகொள்ளும்.

ஆய்வகத்துக்கு ஒரு புது இயந்திரம் வந்தது. சதைத்துணுக்கின் மேல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சும். சதையில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் தனக்குப் பிடித்த ஒளியைக் குடித்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். அந்தக் கணக்கு மலைத்தொடர்போல ஒரு கோடாகத் திரையில் விழும். நோயுள்ள கோடு முந்நூறு, நோயில்லாத கோடு முந்நூறு என்று காட்டிக் காட்டி வடிவு இயந்திரத்தைப் பழக்கியது. பிறகு புதிதாக நூறு கோடுகளைக் கொடுத்தபோது இயந்திரம் தொண்ணூற்றொன்பதைச் சரியாகச் சொன்னது.

தலைமை மருத்துவர் கரடிக்குப் பெருமை தாங்கவில்லை. திங்கட்கிழமை சிங்கமே வந்து திறந்துவைப்பதாக ஏற்பாடானது.

அதற்குள் ஒரு நோயாளி வந்தது. காத்தமுத்து என்ற நீர்நாய். வாலில் ஒரு கட்டி. இயந்திரம் "நோய் உறுதி" என்றது. செவ்வாய்க்கிழமை வாலை எடுத்துவிடலாம் என்று கரடி எழுதிக் கையெழுத்துப் போட்டது.

"வாலு இல்லாம ஆத்துல எப்படி அம்மணி திரும்பறது?" என்று நீர்நாய் வடிவிடம் கேட்டது. "கடல் வர்ற வரைக்கும் நேராவே போயிட்டிருக்கோணுமா?"

வடிவுக்குச் சோறு இறங்கவில்லை. கோடுகளை மறுபடி எடுத்துப் பார்த்தது. நோயுள்ள ஒவ்வொரு கோட்டிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி இரட்டை முகடு. இயந்திரம் அதை மட்டும்தான் பார்த்திருந்தது. நோயுள்ள துணுக்குகள் எல்லாம் கிடங்கில் பல வருடம் மெழுகில் பதித்து வைத்திருந்தவை. நோயில்லாதவை அன்றன்று பனிக்கட்டியில் வந்தவை. நீர்நாய் வந்த அன்று பனிக்கட்டி தீர்ந்துபோனதால் அதன் துணுக்கையும் மெழுகில் பதித்திருந்தார்கள்.

வடிவு சதையே இல்லாத வெறும் மெழுகுத் துண்டை இயந்திரத்தில் வைத்தது.

"நோய் உறுதி," என்றது இயந்திரம். "முற்றிய நிலை."

வடிவு முட்கள் நிமிர்ந்தபடியே கரடியின் அறைக்குப் போனது. கண்காணிப்பாளர் நரியும் அங்கே இருந்தது.

"ஐயா, தப்பு என்னோடதுங்க. இது நோயைக் கத்துக்கலை. மெழுகைக் கத்துக்கிச்சு."

கரடி வயிற்றைத் தடவிக்கொண்டது. "தேனடையும் மெழுகுதானே. எனக்கு ஒண்ணும் இருக்காதே?"

"உங்களுக்கு இல்லீங்கய்யா. காத்தமுத்து அண்ணனோட வாலுக்குத்தான் ஆபத்து."

"புதுசாப் பழக்க எத்தனை நாளாகும்?" என்று நரி கேட்டது.

"எல்லாத் துணுக்கையும் ஒரே முறையில சேகரிக்கணுங்க. ஆறு மாசம்."

"அழைப்பிதழ் போயாச்சு," என்றது நரி. கொஞ்சம் யோசித்தது. "ஆனா இந்தப் பொண்ணு சொல்றதுல நியாயம் இருக்கு. நடவடிக்கை எடுத்தே ஆகணும்."

வடிவின் முட்கள் படிந்தன.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. மருத்துவமனை வளாகத்தில் மெழுகுக்குத் தடை.

நீர்நாயிடம் வேறு துணுக்கு எடுத்துப் பனிக்கட்டியில் கொண்டுவந்தார்கள். "நோய் இல்லை," என்றது இயந்திரம். அடுத்து ஒரு மான்; நோய் இல்லை. ஒரு காட்டெருமை, நோய் இல்லை. ஒரு மாதமாக எழுந்து உட்காராத கிழக் குரங்குக்கும் நோய் இல்லை என்று வந்தது. அதைக் கட்டிலோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை சிங்கம் ரிப்பன் வெட்டி, இது நோயற்ற காடு என்று அறிவித்தது. நோயை ஒழித்ததற்காக வடிவுக்குப் பொன்னாடை போர்த்தியது.

"ஐயா, அவங்களுக்கு நோய் இல்லைன்னு எனக்குத் தெரியாதுங்க," என்றது வடிவு.

"தன்னடக்கம்," என்றது சிங்கம். எல்லோரும் கை தட்டினார்கள்.

வாசலில் நீர்நாய் காத்திருந்தது. "வாலு பொழைச்சுது அம்மணி. வலிதான் விட்டபாடில்லை."

"அண்ணா, பக்கத்துக் காட்டுல நல்ல டாக்டர் இருக்காங்க. தயவுபண்ணி ஒருதடவை போய்க் காட்டுங்க."

"எதுக்கு? அதான் ஒண்ணுமில்லைனு உன்ற மெஷினே சொல்லிருச்சே," என்று நீர்நாய் சிரித்தது. கட்டி இருந்த பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கியது.

நீதி: உண்மையைத் தயங்காமல் மேலிடத்தில் சொல்லிவிடு, அதை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியும்.