பாதியில் விடாத குடும்பம்

அன்று காலை ஏரிக்கரையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அங்கே இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள்.

மடக்கு நாற்காலியில் கண்ணாடிக்காரரின் அப்பா இருந்தார். நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர். நாற்காலியில் முதுகு படாமல் உட்காருபவர். அவர் பக்கத்தில் கைப்பையோடு மருமகள். அவளுடைய அண்ணன், வங்கி மேலாளர், சிரிப்பதற்குத் தயாராகச் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில் மஞ்சள் சட்டை போட்ட ஒருவரும் சிவப்பு ஷூ போட்ட ஒரு பெண்ணும் நின்றார்கள். அவர்கள் யாரென்று குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. கழுத்தில் விசிலும் கையில் கத்தரிக்கோலுமாக ஓர் அதிகாரி. நெஞ்சளவு தண்ணீரில், பச்சைத் தொப்பியோடு, கண்ணாடிக்காரர். மற்றவர்கள் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இதில் பேச உரிமை இல்லை.

சிக்கல் அப்போதே தொடங்கியிருந்தது. ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி செய்து கொடுக்கும் கடையில் லென்ஸ் தேய்க்கும் மனிதர், தம்முடையதைக் கழற்றி மனைவியிடம் கொடுத்த பிறகுதான், அது இல்லாமல் தமக்கு எதுவும் தெரியாது என்பதை நினைத்துப் பார்த்தார்.

"என்னங்க, என்னத் தெரியுதா?" என்று கரையிலிருந்து மனைவி கத்தினாள்.

"நல்லாத் தெரியுது!" என்று அவர் ஒரு மரத்தைப் பார்த்துக் கையசைத்தார்.

மைத்துனர் அன்றைய முதல் சிரிப்பைச் சிரித்தார்.

இந்தச் சிரிப்பில்தான் எல்லாம் இருந்தது. முந்தைய மாதம் தம் வீட்டு விருந்தில், கை கழுவிக்கொண்டே, "மாப்பிள்ளை தொட்டது எதைத்தான் முடிச்சிருக்காரு? கிடார் பாதி, மாடித் தோட்டம் பாதி, அந்த மீசைகூடப் பாதியோட நிக்குது" என்று அவர் சொல்லிவிட்டார். கண்ணாடிக்காரரின் அப்பா அந்தக் கணமே எழுந்தார்.

"தம்பி, எங்க குடும்பத்துல பாதியில விட்டவன்னு ஒருத்தனும் கிடையாது. நீச்சல், சைக்கிள், ஓட்டம்னு ஏரிக்கரையில போட்டி நடக்குதே, அதுக்கு என் பையன் போறான். மூணையும் அவன் முடிக்கலன்னா, இனிமே உங்க வீட்டு நாற்காலியில நான் உக்காரமாட்டேன். எப்ப வந்தாலும் நின்னுக்கிட்டுதான் பேசுவேன்."

அவருக்கு இரண்டு முழங்காலிலும் வலி. சொன்ன சொல்லை மாற்றும் பழக்கமும் இல்லை. ஆகவே கண்ணாடிக்காரர் அன்று தண்ணீரில் இறங்கியது அப்பாவின் முழங்கால்களுக்காக.

போட்டிக்குப் பெயர் கொடுத்தது கடை முதலாளி. தொலைபேசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "நீங்க தண்ணில இறங்குங்க, போதும். மத்ததெல்லாம் நான் ஏற்பாடு பண்ணிட்டேன். உங்க நம்பர் இருக்கற இடத்துல சைக்கிள் நிக்கும்." அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் ஒருவர் ஒருமுறை சொன்னதை மறுமுறை கேட்பது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. ஒரே தடவையில் புரிந்துகொள்வது அவர்களுக்குப் பரம்பரைப் பெருமை.

விசில் ஒலித்தது. பச்சைத் தொப்பிக்காரர்களைத்தான் கடைசியாக இறக்கிவிட்டார்கள்.

"கடைசி வரிசையா?" என்றார் மைத்துனர்.

"பெரிய மனுஷங்க எப்பவும் கடைசியாத்தான் வருவாங்க" என்றார் அப்பா.

தலை தண்ணீருக்குள் போனதும் கண்ணாடிக்காரருக்கு உலகம் சரியாகிவிட்டது. தண்ணீருக்குள் யாருக்குமே தெளிவாகத் தெரியாது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் எல்லோருக்கும் சமமான பார்வையோடு இருந்தார். மேலே பனிப்புகை ஏரியைப் போர்த்தியிருந்தது. கீழே பச்சை இருட்டு. நடுவில் அவர், தூக்கத்தில் புரண்டு படுப்பவரைப் போல, கையை மாற்றி மாற்றி வீசிக்கொண்டு போனார். தூரத்தில் திருப்பத்தைக் காட்டும் ஆரஞ்சு மிதவை, தவறான இடத்தில் உதித்த சூரியனைப் போல ஆடியது. அதைச் சுற்றி வந்தார். ஆரம்பத்தில் பக்கத்தில் கேட்ட கால் உதைக்கும் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. முன்னால் யாருமே இல்லை.

எல்லோரும் எப்போதோ கரையேறிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். அதில் வருத்தம் இல்லை. கனவில் யாரும் யாரையும் முந்துவதில்லை.

கரையில் கால் வைத்தபோது பலத்த கைதட்டல். கடைசி ஆளுக்கு இரக்கப்பட்டுத் தட்டுகிறார்கள் என்று எண்ணி, தலையைக் குனிந்துகொண்டு ஓடினார். காதுக்குள் ஏரி குலுங்கியது. மனைவி மூக்குக்கண்ணாடியோடு ஒரு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். அவர் இந்தப் பக்கம் ஓடிவிட்டார்.

அவருடைய எண் தொங்கிய இடத்தில், மின்னல் போன்ற ஒரு சைக்கிள். அதன் அருகே ஒரு மஞ்சள் பரப்பு. அந்த மஞ்சள் பேசியது.

"குடுங்க! குடுங்க! சீக்கிரம் குடுங்க!"

நீட்டிய கையைப் பார்த்து அவர் மனம் நெகிழ்ந்தது. கையைப் பற்றி நன்றாகக் குலுக்கினார்.

"அது இல்லீங்க!" என்று சொல்லிக்கொண்டே மஞ்சள் சட்டைக்காரர் சட்டென்று குனிந்து அவர் காலைப் பிடித்தார்.

கண்ணாடிக்காரர் பதறிவிட்டார். அப்பா உயிரோடு இருக்கும்போது, அதுவும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இன்னொருவர் தம் காலில் விழுவதா?

"ஐயையோ, எழுந்திருங்க! அப்பா அங்க உக்காந்திருக்காரு. விழணும்னா அவர் கால்ல விழுங்க!" என்று அவர் தோளைப் பிடித்துத் தூக்கி, அப்பா இருந்த திசையில் திருப்பி நிறுத்தினார். ஆள் திகைத்துத் திரும்பிப் பார்ப்பதற்குள், கைப்பிடியில் தொங்கிய தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு சைக்கிளில் ஏறிவிட்டார். முதலாளியின் ஏற்பாடு பிரமாதம் என்று தோன்றியது. பின்னால் கேட்ட கூச்சல்கூட வாழ்த்துப் போலத்தான் காதில் விழுந்தது.

மஞ்சள் சட்டைக்காரர் மூச்சிரைக்க நாற்காலிக்கு ஓடி வந்தார்.

"சார், உங்க பையன் என் சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டாரு!"

மைத்துனரின் முகம் விளக்குப் போட்டது போல் ஆனது. "மாமா, இது புதுசா இருக்கே. திருட்டுமா?"

அப்பாவின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. "எங்க வீட்டுப் பையன் அடுத்தவங்க பொருளத் தொடமாட்டான். தொட்டிருந்தா, திருப்பிக் குடுக்கத்தான் தொட்டிருப்பான்."

"மாமா, கார்ல போய் மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்துடட்டுமா?"

"கூட்டிட்டு வந்தா பாதியில விட்ட மாதிரி ஆயிடும். முடிச்சுட்டு வரட்டும்." அப்பா எழுந்து தம் நாற்காலியைத் தட்டித் துடைத்தார். "நீங்க உக்காருங்க. சைக்கிள் வர்ற வரைக்கும் எங்க குடும்ப மானம் இந்த நாற்காலியில இருக்கு."

"சார், அதில்ல. முழுசாக் கேளுங்க, நாங்க வந்து..."

"ஒரு தடவை சொன்னீங்க, புரிஞ்சுபோச்சு. உக்காருங்க."

தோளில் விழுந்த கையின் எடை அப்படி. அவர் உட்கார்ந்தார். அப்பா பக்கத்தில் நின்றார். முழங்கால்கள் முனகத் தொடங்கின.

ஏரியைச் சுற்றிய சாலையில் கண்ணாடிக்காரருக்குக் குடும்ப மானம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது தெரியாது. மரங்கள் பச்சைப் புகையாக வந்து பச்சைப் புகையாகப் போயின. ஒரு வெள்ளைப் புள்ளி மாடாக மாறுமோ வீடாக மாறுமோ என்று காத்திருந்தார். அது எதுவாகவும் மாறாமலே கடந்துபோனது. காற்று தலைக்கவசத்தின் ஓட்டைகளில் குழல் வாசித்தது. வருடக்கணக்காகப் பிறருக்குத் தெளிவை விற்றுவந்தவர், தெளிவில்லாமல் இருப்பதும் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே மிதித்தார். நிறைய பேர் அவரைத் தாண்டிப் போனார்கள். வண்ணத்துப்பூச்சிகள் என்றே அவருக்குப் பட்டது.

அவர் திரும்பி வருவதற்குள் மனைவி வேலியைத் தாண்டிவிட்டாள். மாமனாரும் கணவரும் கொடுத்து வைத்திருந்த இரண்டு மூக்குக்கண்ணாடிகள் அவள் கைப்பையில் இருந்தன. அவசரத்தில் கைக்கு வந்ததை எடுத்து அவர் மூக்கில் மாட்டினாள்.

"இப்ப தெரியுதா?"

"தெரியுதே!" என்றார். தெரிந்தது உண்மை. அவருடைய அப்பா செய்தித்தாள் படிக்கும் கண்ணாடி அது. தூரத்தில் இருந்தவை இன்னும் கலங்கின. தரை மட்டும் பெரிதாகிக் கிட்டே எழும்பி வந்தது.

"கால்ல என்னடா, செருப்புகூட இல்லாம!" என்று அப்பா தம் தோல் ஷூவைக் கழற்றி வீசினார். அது ஓர் அளவு பெரிது. கண்ணாடிக்காரர் அதை மாட்டி நிமிர்ந்தபோது சிவப்பு ஷூ போட்ட பெண் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"குடுங்க அங்கிள்! இதையாவது குடுங்க!"

அவர் சைக்கிளைக் கொடுத்தார். அவள் சைக்கிளைத் தள்ளிவிட்டுக் குனிந்து அவர் காலைப் பிடித்தாள்.

இரண்டாவது ஆள். தம் புகழ் இவ்வளவு தூரம் பரவியிருப்பது அவருக்கே புதிது. "நல்லா இரும்மா" என்று தலையில் கை வைத்து வாழ்த்திவிட்டு, அகப்படாமல் ஓடினார். துரத்திப் போன பெண்ணை ஓட்டப் பாதையின் வாசலில் ஒரு காவலாளி மறித்து அனுப்பிவிட்டார்.

"அங்கிள், நீங்களாவது கேளுங்களேன். நாங்க ரெண்டு பேரும்..." என்று அவள் அப்பாவிடம் வந்து அழாக்குறையாக ஆரம்பித்தாள்.

"புரியுதும்மா. களைச்சுப்போயிருக்க. தம்பி, நீங்க எழுந்திருங்க, பொண்ணு உக்காரட்டும்" என்று மைத்துனரை எழுப்பி அவளை உட்காரவைத்தார். ஆக, யாரென்று தெரியாத இருவர் உட்கார்ந்திருக்க, குடும்பம் மரியாதையாக நின்றது.

கண்ணாடிக்காரர் ஓடிய விதத்தைப் பற்றி ஊரில் பலவிதமாகச் சொல்கிறார்கள். உண்மை இதுதான். அந்தக் கண்ணாடியில் சாலை படிப்படியாக உயர்ந்து தெரிந்தது. அதனால் சமதளத்தில், ஒவ்வோர் அடிக்கும் முழங்காலை மார்புவரை தூக்கி, மாடிப்படி ஏறுபவரைப் போல ஓடினார். ஷூ முதலில் தரையில் இறங்கியது, கால் பிறகு இறங்கியது. வெயில் ஏறியது. நிழல்கள் சுருங்கின. எங்கோ ஒரு மாடியை நோக்கி ஏறிக்கொண்டே இருப்பதாகவும், மேலே போனதும் அப்பா உட்கார ஒரு நாற்காலி போட்டிருப்பதாகவும் அவருக்குத் தோன்றியது. நின்றுவிடலாம் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

அவர் வந்து சேர்ந்தபோது பதாகையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கைதட்ட ஆளில்லை. கோட்டைத் தாண்டி இரண்டு படி கூடுதலாக ஏறிவிட்டுத்தான் நின்றார்.

"அப்பா... மூணும் முடிஞ்சுது."

அப்பா வெறுங்காலோடு போய் மகனின் தோளில் கை வைத்தார். பிறகு மைத்துனரை நோக்கித் திரும்பினார். "பாத்தீங்களா?"

மைத்துனர் தலையைக் குனிந்தார். "ஒத்துக்கறேன் மாமா. முழுசா முடிச்சுட்டாரு. எங்க வீட்டுக்கு வந்து தாராளமா உக்காருங்க." நாக்கு சும்மா இருக்கவில்லை. "இருந்தாலும், கடைசியாத்தான வந்தாரு."

கத்தரிக்கோல் அதிகாரி கண்ணாடிக்காரரின் காலடியில் குனிந்தார். மூன்றாவது ஆளையும் வாழ்த்தக் கை உயர்ந்தது. அதிகாரியோ, காலையில் நீந்துவதற்கு முன் அந்தக் கணுக்காலில் கட்டிவிட்டிருந்த நேரம் பார்க்கும் பட்டையை வெட்டி எடுத்து, எண்ணைப் படித்து, நாற்காலிகளில் இருந்த இருவரையும் உற்றுப் பார்த்து, மைத்துனரிடம் சொன்னார்:

"கடைசின்னு யாரு சொன்னா? மூணு பேர் அணியில இவர் பேர நீச்சலுக்கு மட்டும்தான் குடுத்திருக்காங்க, அதுல இவர்தான் முதல்ல கரையேறினாரு. இந்தப் பட்டைய வாங்கிக் கட்டிக்கிட்டு சைக்கிளையும் ஓட்டத்தையும் முடிக்க வேண்டிய ரெண்டு பேரைத்தான் நீங்க காலைலேருந்து நாற்காலி போட்டு உக்கார வச்சிருக்கீங்க."