கூரையா, சன்னலா?

கூச்சப்படுகிறவன் டாக்டரிடம் கேள்வி கேட்கமாட்டான். கேட்டாலும் தப்பான கேள்வியைத்தான் கேட்பான். நான் ஒரே ஒரு தடவை கேட்டேன்.

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். கூலாய் தோட்டத்தில் மரவள்ளிக்கிழங்கு மூட்டை ஒன்றைத் தூக்கினேன். மூட்டை எழுந்தது, நான் எழவில்லை. இடுப்பிலிருந்து குதிகால் வரை நெருப்பு. ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை பிதுங்கி நரம்பை நசுக்குகிறது என்றார்.

"வெட்டி எடுக்க ரெண்டு வழி. எலும்புக் கூரையை முழுசாக் கழட்டினால் உள்ளுக்கு எல்லாம் வடிவாத் தெரியும். ஆனா கனகாலம் படுக்க வேணும். ஒரு பக்கம் சின்னச் சன்னல் மட்டும் திறந்தால் கெதியா எழும்பலாம். ஆனா துண்டு ஏதும் உள்ளுக்குத் தங்கினாலும் தங்கும். விளங்குதோ?"

விளங்கியது. (விளங்காவிட்டாலும் தலையாட்டியிருப்பேன்.)

"எதுல சீக்கிரம் குனியலாங்க ஐயா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "முதுகு நோவெண்டு வந்த ஆள் குனியவோ கேக்கிறீர்?"

காரணம் ஆஸ்பத்திரி வாசலில் துப்பாக்கியோடு நின்றது. அந்த ஜப்பான் சிப்பாயை எல்லோரும் இடுப்பை வளைத்து வணங்கவேண்டும். வளையாதவனுக்கு அறை. அறை வாங்கி விழுந்தால் தையல் என்ன ஆகும்? இதை வாய்விட்டுச் சொல்லவும் பயம்.

சன்னல் என்றேன். பக்கத்துக் கட்டில் ஆரோக்கியம், செடெனாக் தோட்டத்து ஆள், அதே வியாதிக்குக் கூரையைக் கழற்றிக்கொண்டான். அவன் மல்லாந்து கிடக்க, நான் சுவரைப் பிடித்து நடந்து காட்டினேன்.

"ஆடாதடா. உள்ள துண்டு கெடக்கும்" என்பான்.

வீட்டுக்குப் போகும் நாளில் டாக்டர் சொன்னார்: "இன்னும் கொஞ்சக் காலம் குனியப்படாது."

வாசலைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. என் மனைவி மேரி கையைக் கிள்ளினாள்.

"மாதா கோயில்ல நற்கருணைக்கு முன்னால எப்படி முட்டி போடுவீங்க? முதுகு நேரா, முட்டிதானே மடங்கும்? அப்படியே போடுங்க."

போட்டேன். சிப்பாயின் பூட்ஸுக்கு முன்னால் முட்டி போட்டேன். பழக்கதோஷம், கை தானாக எழுந்து சிலுவையும் போட்டுவிட்டது.

சிப்பாய் ஓர் அடி பின்வாங்கினான். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தான். நானும் திரும்பினேன். வணங்கிப் போக வரிசையில் நின்றவர்கள் புதுச் சட்டம் வந்துவிட்டது என்று நினைத்து அத்தனை பேரும் முட்டி போட்டிருந்தார்கள். கீரை விற்கும் சீனக் கிழவி சிலுவையும் போட்டுப் பார்த்தாள்.

சிப்பாய்க்கு அது பிடித்துப்போயிற்று. என்னைப் போகச் சொல்லிக் கையசைத்தான். அந்த வாசலில் அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

ஆரோக்கியம் வெகு காலம் கழித்து வெளியே வந்தான். முதுகு வில்லாக வளைந்தது. (டாக்டருக்கே பெருமை.) ஆனால் அவனுக்கு முட்டியில் பழைய வாதம். அழகாகக் குனிந்து வணங்கினான். முட்டி போடாததற்குப் பளாரென்று ஒன்று விழுந்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து எந்த ஆபரேஷன் நல்லது என்று கேட்டால், ஆரோக்கியம் என்னைப் பேசவிடமாட்டான். கன்னத்தைத் தடவிக்கொண்டு அவனே சொல்வான்:

"சன்னலே வச்சுக்கப்பா. கூரையக் கழட்டினா கன்னம் வீங்கும்."