பயனாளியின் வலி

உலகத்தின் துயரங்களைத் துடைக்கும் திருப்பணி, மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு குளிர்சாதன அறையில் மிகக் கண்ணியமாக நடந்து வருகிறது. சமூகத்துக்கு நன்மை செய்யும் புதுத் தொழில்களைத் தேடிப் பிடித்து, முளையிலேயே முதலீடு செய்யும் பெருந்தகைகள் அங்கே அமர்ந்திருக்கிறார்கள்.

என் தொழில் ஒரு பழைய வேன். சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே, ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்த தோட்டத்திலிருந்து நோயாளிகளை டயாலிசிஸுக்கு ஈப்போ கொண்டு செல்கிறேன். முதலீடு வராவிட்டால் மாதக் கடைசியில் வேன் நின்றுவிடும்.

முதலீட்டாளர் ரதீசன் என் விண்ணப்பத்தைப் படித்தார்.

"உங்க வைஃப் அகதா, வண்டி கிடைக்காம ரோட்டுலயே தவறிட்டாங்க. ரொம்ப ஸ்ட்ராங் ஸ்டோரி பிரதர்."

நன்றி சொன்னேன்.

'நிறுவனரின் வலி'க்கு மதிப்பீட்டுத் தாளில் முழு மதிப்பெண். அடுத்தது 'பயனாளியின் வலி'. அதை நேரில் சரிபார்க்க, அவரும் உதவியாளர் மாதுமையும் தோட்டத்துக்கே எழுந்தருளினார்கள். பயனாளி வீரம்மாக்கா, திருவிழாச் சேலை கட்டி மிலோ கலக்கி வைத்திருந்தார்.

"அக்கா, உங்க கஷ்டத்தச் சொல்லுங்க."

"கஷ்டமா? ஒண்ணும் இல்ல தம்பி. மிலோ குடிங்க லா."

"ஆஸ்பத்திரி போக ரொம்பச் சிரமமாமே?"

"என்னா சிரமம்? வேன் வருது. போறேன், வாரேன்."

மாதுமை குனிந்து, "கொஞ்சம் அழுதாக்கூடப் பரவால்ல அக்கா," என்றார்.

"நல்லா இருக்கு போ. பிஸ்கட் எடுத்துக்கோமா."

அடுப்படிக்குப் போய்க் கெஞ்சினேன். "உள்ளதச் சொல்லுக்கா. வேன் நின்னுரும்."

"வீடு தேடி வந்தவங்ககிட்ட மூக்கால அழுவாங்களாடா? அகதா சாவுக்கு வந்தவங்கள நீ பசியாறிட்டுப் போகச் சொல்லல?"

சொன்னேன்தான்.

காரில் ஏறும்போது ரதீசன் உண்மையாகவே வருந்தினார். "வேன் ஓட ஆரம்பிச்சப்புறம் யாராச்சும் வழியில தவறினாங்களா?"

"இல்ல."

"அதான் பிரதர். பிரச்சினையே இல்லாத எடத்துல நாங்க எதத் தீர்க்கிறது?"

மாதுமை குறித்துக்கொண்டார்: 'தேவை நிரூபிக்கப்படவில்லை.'

அவர்கள்மேல் குற்றமில்லை. அழைத்த நேரம்தான் தவறு. அகதாவை மடியில் கிடத்திக்கொண்டு செம்மண் சாலை முனையில் உட்கார்ந்திருந்தேனே, அன்று அழைத்திருக்க வேண்டும். அவர்கள் தேடுவதெல்லாம் அன்று இருந்தது.

வேன் மட்டும்தான் இல்லை.