எதிர்மனுதாரர் மச்சானுக்கு மனுதாரர் எழுதுவது

மதிப்பிற்குரிய எதிர்மனுதாரரும், என் மனைவியின் உடன்பிறந்த அண்ணனும், எனக்கு உலகத்தில் இருக்கிற ஒரே மச்சானுமாகிய தங்களுக்கு, மனுதாரர் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை, என் வலது கை ஆகிய மூவரும் சுகம். அங்கே தாங்கள், அக்கா, படகு, எஞ்சின் ஆகிய நால்வரின் சுகத்தையும் நேரில் வந்து விசாரிக்க முடியாத நிலையில் நான் இருப்பது தங்களுக்கே தெரியும்.

இரண்டு தெரு தள்ளி இருக்கிறவருக்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் எழுதுகிறானே, இவனுக்குக் கையில்தான் அடியா, தலையிலும் அடியா என்று தாங்கள் நினைக்கலாம். எதிர்த் தரப்போடு ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று என் வக்கீல் சொல்லியிருக்கிறார். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்பதால் நான் கேட்கவும் இல்லை. உங்கள் வக்கீலும் உங்களிடம் இதையே சொல்லியிருப்பதாக முடிவெட்டுபவர் மூலம் அறிந்தேன். நல்ல வக்கீல்கள் மச்சான். இருபத்தாறு வருஷம் ஒரே படகில் ஒரே சட்டியில் சாப்பிட்டவர்களை அஞ்சே மாசத்தில் பிரித்துவிட்டார்கள். இத்தனைக்கும் வலை இழுக்கிற வின்ச்சில் என் கை மாட்டியபோது எஞ்சினை நிறுத்தியது தாங்கள். கரை வந்து சேரும்வரை என் தலையை மடியில் வைத்துக்கொண்டு சுக்கான்காரரைக் கண்டபடி திட்டிக்கொண்டு வந்தது தாங்கள். பதினோரு நாள் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் தாங்கள். "கேஸ் போடுடா, படகுக்காரன் மேல போட்டாத்தான் இன்ஷூரன்ஸ்காரன் தருவான், நான் என்ன கோவிச்சுக்கவா போறேன்" என்று என்னை வக்கீலிடம் அனுப்பிவைத்ததும் தாங்கள்தான். அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது, கேஸ் என்று ஒன்று போட்டுவிட்டால் அது நம் பேச்சைக் கேட்காது என்று.

முதல் நோட்டீஸைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "எதிர்மனுதாரர் பேராசை காரணமாக, பாதுகாப்பு மூடியில்லாத இயந்திரத்தில் மனுதாரரை வேலை வாங்கினார்" என்று எழுதியிருந்தது. யாருய்யா இந்த ஆள், என் மச்சானைப் பேராசைக்காரன் என்று எழுதுவதற்கு என்று கத்தினேன். என்னுடைய வக்கீல்தான் என்று உங்கள் தங்கை சொன்னாள். மூடி கழன்றது வாஸ்தவம். "அடுத்த தடவை மாட்டிக்கலாம்"னு நீங்க சொன்னீங்க, "சரி"ன்னு நானும் சொன்னேன். இதில் பேராசை எங்கே வந்தது? சோம்பேறித்தனம் என்று எழுதியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டிருப்போம். அதற்கு உங்கள் வக்கீல் போட்ட பதிலில் "மனுதாரர் அஜாக்கிரதையானவர்" என்று இருந்தது. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. எத்தனையாவது பக்கத்தில், எத்தனையாவது வரியில் இருக்கிறது என்பது மட்டும் மனப்பாடமாக இருக்கிறது.

போன மாதம் முடிவெட்டும் கடையில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தோமே, அதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு முடிவெட்டுபவரிடம், "கடல் எப்படி இருக்காம்?" என்று கேட்டேன். அவர் உங்களிடம் கேட்டார். "காத்து சரியில்லன்னு சொல்லு, வலை ரெண்டு இடத்துல கிழிஞ்சிருச்சுன்னு சொல்லு" என்றீர்கள். "யார் தைக்கிறாங்களாம்?" என்றேன். "யாருக்குத் தைக்கத் தெரியுது, எல்லாம் கண்றாவியா இருக்குன்னு சொல்லு" என்றீர்கள். அந்த மனுஷன் கத்தரிக்கோலோடு நடுவில் நின்றுகொண்டு, "எனக்கு ரெண்டு பேரும் தனித்தனியா கூலி தரணும்" என்றார். மச்சான், அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையை உதறும்போது எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது. கழுத்தில் முடி குத்துகிறது என்று உங்கள் தங்கையிடம் சொன்னேன்.

கையைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கை அருமையாக இருக்கிறது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போனதைத் தவிர மற்றதெல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. கொஞ்சம் மரத்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான். வீட்டில் ஆறு டீ கிளாஸ் உடைந்தது உண்மை, ஆனால் இப்போது வருகிற கிளாஸெல்லாம் ஒரே வழவழப்பு, பிடித்தால் நழுவத்தான் செய்யும். உங்கள் தங்கை எனக்கென்று இரண்டு பக்கமும் காது வைத்த டம்ளர் ஒன்று வாங்கி வந்தாள், தவழுகிற பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களே அது. குடித்துப் பார்த்தேன், மோசமில்லை. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்று யாராவது உங்களிடம் வந்து சொன்னால் நம்பாதீர்கள். தையல்காரர்கள் ஓட்டையைச் சின்னதாக வைக்கிறார்கள், நான் பனியனோடு இருப்பது வெயிலுக்காக. வாசல் பூட்டு துருப்பிடித்துவிட்டது, அதனால்தான் சாவி திரும்புவதில்லை. உங்கள் தங்கைக்கு மட்டும் எப்படித் திறக்கிறது என்று கேட்காதீர்கள், அவள் பழகியவள். (இந்த வரி வேண்டாம் என்கிறாள். இருக்கட்டும்.)

கஷ்டம் கையில் இல்லை மச்சான், கரையில்தான் இருக்கிறது. விடிகிற நேரத்தில் படகுகள் கிளம்பும்போது படுக்கையில் கிடந்தபடியே எண்ணுகிறேன். முப்பது எஞ்சின் போனாலும் நம் எஞ்சின் இருமுவது எனக்குத் தனியாகக் கேட்கும். அது போன பிறகு தெருவே காலியாகிவிட்ட மாதிரி இருக்கிறது. கட்டில் ஆடுவதில்லை, தரை ஆடுவதில்லை, எதுவுமே ஆடுவதில்லை, மனுஷன் எப்படித்தான் நிற்பது? கடைக்குப் போய்வா என்கிறார்கள், டிவி பார் என்கிறார்கள், கடல்தான் எதிரிலேயே இருக்கிறதே போய்ப் பார் என்கிறார்கள். பார்த்தேன். கரையிலிருந்து பார்த்தால் அது வெறும் தண்ணீர் மச்சான். எனக்கு அங்கிருந்து இங்கே பார்க்க வேண்டும். நாலாம் நாள் திரும்பி வரும்போது முதலில் கோபுர விளக்கு தெரியும், அப்புறம் ஐஸ் ஃபேக்டரிப் புகைபோக்கி, அப்புறம் எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குப் பக்கத்தில் சேலை காய்ந்தால் அவள் வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன். இருபத்தாறு வருஷமாக அந்தச் சேலையைத் தேடித் தேடித்தான் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இப்போது அவள் நாள் முழுக்க ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளை நினைத்து ஏங்குவதற்கு எனக்கு ஒரு இடமில்லை. சிரிக்காதீர்கள். உங்கள் தங்கையும் சிரிக்கவில்லை, என்னவோ மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள், சளி போலிருக்கிறது.

இனி இன்ஷூரன்ஸ்காரர் விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் வரக்கூடாது என்று உங்கள் வக்கீல் சொல்லிவிட்டதால் நடந்ததைத் தாங்கள் பார்க்கவில்லை, நம் படகு நெட்டையன் இதற்குள் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லியிருப்பான். வின்ச்சை அளந்து பார்க்க அவர் டேப்போடு வந்து துறைமுகத் திட்டில் நின்றார். பக்கத்தில் நான், எனக்குப் பக்கத்தில் என் வக்கீல். வக்கீல் என்னைத் தயார்செய்துதான் கூட்டிப்போயிருந்தார். கையைக் கழுத்தில் கட்டின தூளியில் போட்டுக்கொள்ள வேண்டும், முகம் வாட்டமாக இருக்க வேண்டும், கேட்டதற்கு மட்டும் பதில். எல்லாம் சரியாகத்தான் போனது, நம் படகு உள்ளே வரும்வரை. ஐயோ, அதை அஞ்சு மாசம் கழித்து அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன் மச்சான், பச்சை பெயிண்ட் உரிந்துபோய்க் கிடக்கிறது, யாரும் கவனிப்பதில்லையா? முன்பக்கம் நின்ற நெட்டையன் கயிற்றை வீசினான். கயிறு காற்றில் வந்தால் திட்டில் நிற்கிறவன் பிடிக்க வேண்டும். யார் படகு, பேச்சு உண்டா இல்லையா என்றெல்லாம் நம் ஆட்கள் பார்க்கிறதில்லை. தூளியிலிருந்து கை எப்போது வெளியே வந்தது என்று எனக்கே தெரியாது. கயிறு நெஞ்சில் வந்து விழுந்தது, கட்டிப் பிடித்துக்கொண்டு கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். மீதியை நெட்டையன் குதித்து வந்து கட்டினான், அது அவன் எனக்குக் கொடுத்த மரியாதை.

இன்ஷூரன்ஸ்காரர் உடனே போனை எடுத்தார். "ஐயா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" "தாராளமா எடுங்க சார்" என்று சிரித்துக்கொண்டு நின்றேன். என் வக்கீல் மீன் பெட்டி மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "கேஸக் கொண்டுபோய் நீங்களே கடல்ல போட்டுட்டீங்களே" என்றார். எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? இதைத்தானே அஞ்சு மாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கை நன்றாக இருக்கிறதென்று! "இன்னொரு தடவ பிடிச்சுக் காட்ட முடியுமா, வீடியோ எடுத்துக்கறேன்" என்றார் அவர். "எத்தன தடவ வேணும்?" என்றேன். நெட்டையன் வீசினான். கயிறு கையில்தான் விழுந்தது, ஆனால் விழுந்தது எனக்குத் தெரியவில்லை, தண்ணீருக்குள் போய்விட்டது. காற்று, என்றேன். அடுத்த தடவை இன்னும் மெதுவாக வீசினான், குழந்தைக்குப் பந்து போடுவது மாதிரி. அதுவும் போனது. மூன்றாவதும் போனதும் அவர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "போதும்ங்க" என்றார். கை கொடுக்க வந்தவர், நீட்டின கையைப் பார்த்துவிட்டு என் இடது கையைப் பிடித்துக்கொண்டார். வின்ச்சில் மாட்டினபோதுகூட நான் அவ்வளவு வலியைப் பார்க்கவில்லை மச்சான். இத்தனையும் நடந்தது அன்றைக்குக் காற்று சரியில்லாததால்தான்.

அதோடு அவர்கள் தரப்பில் சம்மதித்துவிட்டார்கள். வருகிற வியாழக்கிழமை காலையில் நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்குப் போய் ஒரு காகிதத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், கேஸ் முடிந்தது, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுவார்கள். காகிதத்தை வக்கீல் படித்துக் காட்டினார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, கடைசி வரியில் "இனி என் ஆயுளில் கடல் தொழிலுக்குச் செல்ல இயலாதவன் என உறுதி கூறுகிறேன்" என்று இருக்கிறது. அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்றேன். "அந்த வரிக்குத்தாங்க அவங்க பணமே தர்றாங்க" என்கிறார். அது பொய்யாச்சே என்றேன். அவர் என் கையைப் பார்த்தார், உங்கள் தங்கையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆகவே மச்சான், நான் தீர யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அந்தக் காகிதத்தில் நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. கேஸை வாபஸ் வாங்கிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பையோடு வந்து படகில் ஏறிவிடுகிறேன், என் இடம் எனக்குத் தெரியும். வின்ச்சை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் பரவாயில்லை, மீன் பிரிக்கிறேன். அதற்கும் விரல் வேண்டும் என்பீர்கள், சரி, ஐஸ் தள்ளுகிறேன். அதுவும் வேண்டாமென்றால் டீ போடுகிறேன், நம் படகில் எல்லாமே எவர்சில்வர்தானே. ஒன்றுமே வேண்டாமா, முன்பக்கம் சும்மா உட்கார்ந்து வருகிறேன், கூலி வேண்டாம், சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருகிறேன். எனக்கு இந்தக் கரையில் மூச்சு முட்டுகிறது மச்சான். என்னைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். "வாடா" என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. சுக்கான்காரருக்கும் நெட்டையனுக்கும் என் விசாரிப்பு. எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றச் சொல்லவும், இருமல் அதிகமாகியிருக்கிறது. தாங்களும் தங்கள் குடும்பமும் படகும் குறைவில்லாமல் நீடூழி வாழ்ந்து, கிளம்பின படகு கிளம்பினபடியே கரை சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள,
மனுதாரர்

பின்குறிப்பு: அண்ணா, இது நான். மேலே இருக்கிறதையும் நான்தான் எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல ஒரு வார்த்தை மாத்தாம எழுதியிருக்கேன், என்னைப் பத்திச் சொன்னதையும் சேர்த்து. அவருக்குப் பேனா பிடிக்க வரல. பெருவிரலும் கடைசி ரெண்டு விரலும் இருக்கே தவிர ஒண்ணும் மடங்கல. கொதிக்கிற தண்ணிய ஊத்தினாலும் சுடுதுன்னு தெரியாது, ரெண்டு தடவ பாத்துட்டேன். இனிமே சரியாகாதுன்னு டாக்டர் சொன்னப்ப அவரும் கூடத்தான் இருந்தார். இந்தக் கடிதாசிய உன் வக்கீலுக்குக் காட்டிடாதே, படிச்சதும் கிழிச்சுப் போட்டுடு. நீ "வாடா"ன்னு எழுதிடுவ, எனக்குத் தெரியும். எழுதாதே. ஏத்திக்கிட்டா அடுத்த கயிறு அவரையே இழுத்துட்டுப் போயிடும். இடமில்லன்னு உன் கைப்பட எழுதி அனுப்பு. டாக்டர் சொன்னாக் கேக்கல, வக்கீல் சொன்னாக் கேக்கல, நான் சொன்னா என்னப் பாத்து பரிதாபமா சிரிக்கிறார். நீ சொன்னாத்தான் ஒத்துக்குவார், வியாழக்கிழமை போயி அந்தக் காகிதத்துல பெருவிரலை வைப்பார். அது முடிஞ்சிட்டா நீங்க ரெண்டு பேரும் பேசிக்கலாமாம், வக்கீல்கிட்ட கேட்டுட்டேன். அந்த ஆபீஸ் படியில இறங்கி வர்றப்ப அவருக்குக் கடல் இருக்காது. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் நீயும் கடலுக்குப் போகாதே அண்ணா.